ஒரு தம்ளர் பால் யாருக்குச் சேர வேண்டும்?

1930-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை, ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் வட்டாரத்தில் 67 பள்ளிகளைச் சேர்ந்த இருபதாயிரம் குழந்தைகளை வைத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. பத்தாயிரம் குழந்தைகளுக்கு நாள்தோறும் முக்கால் பைண்ட், அதாவது ஏறத்தாழ 425 மில்லி பால் கொடுத்தார்கள். மற்ற பத்தாயிரம் பேருக்குப் பால் இல்லை. நான்கு மாதம் கழித்து எடையும் உயரமும் அளந்து, பால் குடித்தவர்களே கூடுதலாக வளர்ந்தார்கள் என்று அறிக்கை தந்தார்கள்.

மறு ஆண்டே அந்த அறிக்கை ஆட்டம் கண்டது. 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிவந்த புள்ளியியலாளர் வில்லியம் சீலி காசெட் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். சோதனை தொடங்கிய நாளிலேயே பால் பெறாத குழந்தைகள் மற்றவர்களைவிட உயரமாகவும் எடை மிகுந்தும் இருந்தார்கள். காரணம், ஒரு பக்கம் நோஞ்சான்களோ நல்ல உடல்வாகு உள்ளவர்களோ மிகுந்துபோனால் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளிகளுக்கு அனுமதி தந்திருந்தார்கள். ஆசிரியர்கள் தங்களை அறியாமலேயே வறிய வீட்டுப் பிள்ளைகளைப் பால் கிடைக்கும் பக்கம் நகர்த்திவிட்டார்கள் என்று காசெட் கணித்தார். பத்தாயிரக்கணக்கில் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட, ஒரே சாயல் கொண்ட ஐம்பது இரட்டையர் சோடிகளை வைத்துச் செய்திருந்தால் துல்லியமான விடை கிடைத்திருக்கும் என்றும் எழுதினார்.

சோதனையாகப் பார்த்தால் அது பிழைதான். ஆனால், பாலும் உடல்நலமும் பற்றி நூறாண்டுகளாகக் குவிந்திருக்கும் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, அந்த ஆசிரியர்களின் கை சரியான இடத்தை நோக்கித்தான் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பால் அமுதமா, நஞ்சா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஒரு கூட்டம் அதை முழு உணவு என்கிறது. இன்னொரு கூட்டம் கன்றுக்குரியதை மனிதன் குடிக்கலாமா என்று கேட்கிறது. இரு தரப்பும் பாலைப் பார்க்கின்றன. குடிப்பவரின் வயதையும் அவர் தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்பதில்லை. பாலின் பயன் அங்கேதான் முடிவாகிறது.

பாலுக்கு ஆதரவாக முதலில் வந்த வலுவான சான்றும் ஓர் ஆதரவற்றோர் விடுதியிலிருந்து வந்ததே. லண்டனுக்கு அருகே இருந்த சிறுவர் இல்லம் ஒன்றில் கோரி மான் என்ற மருத்துவர் செய்த ஆய்வு 1926-இல் வெளியானது. விடுதியின் வழக்கமான உணவை மட்டும் உண்ட சிறுவர்கள் ஓராண்டில் சராசரியாக 1.75 கிலோ எடையும் 4.7 சென்டிமீட்டர் உயரமும் கூடினார்கள். அதே உணவோடு நாளுக்கு ஒரு பைண்ட் பாலும் பெற்றவர்கள் 3.2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவும் 6.7 சென்டிமீட்டரும் கூடினார்கள். விடுதி உணவு வயிற்றை நிரப்பியது. பிள்ளைகளை வளர்க்கப் போதவில்லை.

இந்தக் கதையில் நம் குன்னூருக்கும் பங்கு உண்டு. இன்று ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் குன்னூரில்தான் ராபர்ட் மக்காரிசனின் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. 1958-இல்தான் இடம் மாறியது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை மக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, காய், பால், வெண்ணெய் அடங்கிய பஞ்சாபியர் உணவில் எலிகள் செழித்தன. பால் அருகிப்போன, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவில் அவை குன்றின. பின்னர் அதே குன்னூரில் ஐக்ராய்ட், கிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் விடுதிப் பிள்ளைகளின் சோற்றோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்து, எடையும் உயரமும் கூடுவதை 1937-இல் பதிவு செய்தார்கள். கொழுப்பை எடுத்த பிறகும் பலன் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது வெண்ணெய் அல்ல. நல்ல புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பி வகை வைட்டமின்களும்தான்.

பசும்பாலில் நூறு மில்லிக்குச் சுமார் 3.2 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. எருமைப்பாலில் இரண்டுமே கூடுதல். கொழுப்பு 6 முதல் 7 சதவீதம் வரை போகும். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் பால் புரதத்தில் நிறைய இருப்பதால், சோறும் தயிரும் ஒன்றின் குறையை ஒன்று ஈடு செய்கின்றன. மரக்கறி மட்டுமே உண்பவருக்குப் பி12 இயற்கையாகக் கிடைக்கும் வழி ஏறக்குறைய பால் ஒன்றே. பாலில் இல்லாதவையும் உண்டு. இரும்பு மிகச் சொற்பம். நார்ச்சத்து அறவே இல்லை. வைட்டமின் டி இயல்பாகவே குறைவு. அதனால்தான் சில பாக்கெட்டுகளில் ஏ, டி வைட்டமின்களைச் சேர்த்து விற்கிறார்கள்.

பாலை முழு உணவு என்று சொல்லும் வழக்கம் முதலில் தவறிப்போவது பிறந்த குழந்தையிடம்தான். தாய்ப்பாலில் புரதம் நூறு மில்லிக்கு ஒரு கிராம் அளவே. பசும்பாலில் அது மூன்று மடங்கு, உப்புகளும் அப்படியே. கன்று பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நின்று, மாதங்களில் பெருத்துவிடும் உயிர். மனிதக் குழந்தை மெதுவாக வளர்வது. அதன் சிறுநீரகத்துக்குப் பசும்பாலின் புரதமும் உப்பும் பெருஞ்சுமை. இரும்பு போதாமல் சோகை வரும். சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டாகும். ஆகவேதான் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கியப் பானமாக ஆக்கக் கூடாது. பெற்ற தாயிடம் முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி வெளியே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த அந்தச் சில துளிகளுக்கு ஈடாக எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது.

புட்டிப்பாலின் வரலாறு இதைவிடக் கசப்பானது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலை விட்டு இனிப்பூட்டிய டப்பாப் பாலுக்கு மாறச் சொல்லும் விளம்பரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கருத வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின. தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனையை நெறிப்படுத்தும் பன்னாட்டு விதித்தொகுப்பு 1981-இல் வந்தது. இந்தியாவில் அதற்கான சட்டம் 1992-இல் வந்து, 2003-இல் இறுக்கப்பட்டது. டப்பாவில் இருந்த பொருளில் மட்டும் கேடு இல்லை. சுத்தமில்லாத தண்ணீர், கொதிக்க வைக்காத புட்டி, சிக்கனம் பிடித்து அளவுக்கு மேல் நீர்க்கக் கரைத்த மாவு ஆகியவை சேர்ந்துதான் குழந்தைகளைக் கொன்றன.

அதே பால்மாவு மற்றொரு இடத்தில் உயிர் காத்தது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. புரதமும் ஆற்றலும் வற்றி, உடல் வீங்கி, முடி வெளுத்துப்போகும் குவாஷியோர்கர் நோயை மருத்துவ உலகுக்கு விவரித்தவரும் இதே சிசிலி வில்லியம்ஸ்தான். அவர் அப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். இன்று கடும் ஊட்டக்குறைவோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கு முதலில் புகட்டுவது பால்மாவை அடிப்படையாகக் கொண்ட எஃப்-75, எஃப்-100 கரைசல்கள். வீட்டிலேயே கொடுக்கக்கூடிய நிலக்கடலை விழுதிலும் பால்மாவு கலந்திருக்கிறது. எலும்பும் தோலுமான குழந்தை பாலில் தேறுவதை மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

ஒன்று முதல் ஐந்து வயது வரை நம் வீடுகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பிள்ளை சோறு தின்ன மாட்டேன் என்கிறது; சரி, பாலையாவது குடிக்கட்டும் என்று தாய் இரண்டு மூன்று தம்ளர் ஊற்றிக் கொடுக்கிறாள். வயிறு பாலில் நிறைந்ததும் அடுத்த வேளையும் சோறு இறங்காது. பாலில் இரும்பு இல்லை. உணவோடு சேரும்போது பாலின் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதையும் குறைக்கும். கன்னம் உப்பி, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை ரத்தச் சோகையோடு இருப்பது இப்படித்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்குச் சோகை. எல்லாவற்றுக்கும் பால் காரணமில்லை. ஆனால் இந்த வயதில் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதில் சர்க்கரை மிகுந்த சாக்லேட் மாவைக் கலந்து உயரம் வளரும் என்று நம்புவதை விட்டுவிடலாம். வளர்த்தி ஏதும் வந்தால் அது பாலால் வந்தது.

பள்ளி வயதிலும் பருவ வயதிலும்தான் பாலுக்கு உண்மையான வேலை வருகிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்புத் திண்மையில் மிகப் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் திருத்திய அட்டவணைப்படி 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. பெரியவர்களுக்கும் 1,000, முன்பு அது 600-ஆக இருந்தது. பிரிட்டனில் பெரியவர்களுக்கு 700 போதும் என்கிறார்கள். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. காம்பியா நாட்டுக் கிராமப் பெண்கள் ஏறத்தாழ 350 மில்லிகிராமிலேயே வாழ்ந்து, பிள்ளை பெற்று, பாலூட்டி, முதுமையிலும் எலும்பு முறிவு அதிகமில்லாமல் இருப்பதை ஆன் பிரெண்டிஸும் அவருடைய குழுவினரும் பல்லாண்டு ஆராய்ந்து காட்டினார்கள். உடல் குறைவான வரவுக்குப் பழகிக்கொள்கிறது. அந்தப் பெண்கள் வெயிலில் நின்று வயல் வேலை செய்தவர்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நாள் முழுதும் வகுப்பறையிலும் கைபேசியிலும் கழிக்கும் நம் பிள்ளைகளை அந்த எலும்புகளோடு ஒப்பிட முடியாது.

பால் பிடிக்காத பிள்ளைக்கு வழியில்லையா என்றால், நிறைய உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் இந்த வரிசைதான். பாலின் கால்சியத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் உடலில் சேர்கிறது; ஆக்ஸலேட் நிறைந்த பசலை இனக் கீரைகளில் ஐந்து சதவீதம் சேர்ந்தாலே அதிகம். கேழ்வரகின் ஃபைட்டேட் தடையை ஊறவைத்து முளைகட்டியோ புளிக்கவைத்தோ தளர்த்தலாம். புளித்த கூழில் மோரை ஊற்றிக் குடித்த நம் தாத்தாக்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. ஆனாலும் கணக்கு சரியாகவே வருகிறது.

மோர் என்றதும் பாலின் பெரிய புதிருக்கு வந்துவிடுகிறோம். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் நொதி வேண்டும். பாலூட்டும் உயிர்கள் எல்லாவற்றிலும் பால்குடி மறந்தபின் அது குறைந்துவிடும். உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அப்படிக் குறைகிறது. எஞ்சியவர்களில் ஒரு மரபணு மாற்றம் அந்த நொதியை வாழ்நாள் முழுதும் காப்பாற்றித் தருகிறது. இந்தியாவில் வடமேற்கில் அது மிகுதி. தெற்கே வர வர அருகும். பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்று சொல்லும் தமிழருக்கு நோய் எதுவும் இல்லை. அதுவே மனித இயல்பு. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு தம்ளர் பாலைத் தாங்குவார்கள். பால் புரத ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறு. சிறு குழந்தைகளிடம் காணப்படும் அதற்கு மருத்துவரிடமே போக வேண்டும்.

புதிர் என்னவென்றால், அனதோலியாவில் கிடைத்த பானை ஓடுகளில் ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையான பால் கொழுப்புத் தடம் இருக்கிறது; பாலைச் செரிக்கும் மரபணுவோ ஐரோப்பாவில் பரவியது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு விடையின் ஒரு பகுதியை நம் அடுப்படியில் பார்க்கலாம்: உறை ஊற்றினார்கள். தயிராகும்போது நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பங்கை லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. எஞ்சியதைக் குடலில் செரிக்கத் தங்கள் நொதியையும் கடன் தருகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் தயிர் கடைந்து, மோரை விற்றுத் தானியம் கொண்டுவருகிறாள். நெய்யை விற்றுப் பொன் வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். அவள் பாலை விற்பதாகப் பாட்டில் இல்லை. வெப்ப நாட்டில் பாலைக் காப்பாற்றவும், லாக்டேஸ் குறைந்த மக்களுக்கு அதை உணவாக்கவும் எளிய வழி தயிர்தான். நான் இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் ஒரு பொருளைத் தயங்காமல், கைக்குழந்தைகள் தவிர எல்லா வயதினருக்கும் சொல்லலாம் என்றால் அது தயிரே.

நடுவயதில் பாலின் மீதான வழக்குகள் பல. ஸ்வீடனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளிவந்த உப்சாலா ஆய்வில், நாளுக்கு மூன்று கிளாஸோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களிடம் எலும்பு முறிவு குறையவில்லை, இறப்போ கூடியிருந்தது. தயிர், பாலாடைக்கட்டி உண்டவர்களிடம் அப்படி இல்லை. மாறாக, இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரைக் கவனித்து 2018-இல் வந்த 'ப்யூர்' ஆய்வில், நாளுக்கு இரண்டு பங்குக்கு மேல் பால் பொருள்கள் உண்டவர்களிடம் இதய நோயும் இறப்பும் குறைவு. இரண்டும் கவனித்தறிந்தவை, சோதித்தறிந்தவை அல்ல. ஆனாலும் எனக்கு இவற்றில் முரண்பாடு தெரியவில்லை. நன்றாக உண்ணும் ஸ்வீடன் பெண்ணுக்கு மூன்றாவது கிளாஸ் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. பல ஏழை நாடுகளையும் உள்ளடக்கிய கணக்கில் முதல் கிளாஸுக்கே மதிப்பு ஏறுகிறது. புற்றுநோயிலும் இரு முகம்: பெருங்குடல் புற்று குறைய பால் பொருள்கள் துணை செய்வதாக ஓரளவு உறுதியான சான்று உண்டு, ஆண்களின் புராஸ்டேட் புற்றைக் கூட்டலாம் என்பதற்குப் பலவீனமான சான்று உண்டு. நெய்யையும் வெண்ணெயையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். அவற்றில் புரதமும் கால்சியமும் இல்லை, நிறைகொழுப்பே மிகுதி. மணத்துக்கு ஒரு கரண்டி போதும். ஏ2 பால் என்று இரட்டிப்பு விலை சொல்பவர்களிடம் ஏமாறவும் வேண்டாம். எருமைப்பாலும் நம் நாட்டுமாட்டுப் பாலும் பெரும்பாலும் அந்த வகையே. அதற்குத் தனிச் சிறப்பு உண்டு என்பதற்குச் சான்றும் போதாது.

முதுமைக்கு வருவோம். 2021-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வை நான் பாலைப் பற்றிய ஆய்வுகளிலேயே முக்கியமானதாகக் கருதுகிறேன். அறுபது முதியோர் இல்லங்கள், 7,195 பேர், சராசரி வயது 86. அவர்களுக்கு வைட்டமின் டி போதிய அளவு இருந்தது. கால்சியமும் புரதமும்தான் பற்றாக்குறை. பாதி இல்லங்களின் சமையலறையில் பால், தயிர், பாலாடைக்கட்டியைக் கூட்டினார்கள். மாத்திரை எதுவும் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் எலும்பு முறிவு 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும், கீழே விழுவது 11 சதவீதமும் குறைந்தன. இறப்பு எண்ணிக்கையில் மாற்றமில்லை. செலவில் ஒரு பங்கு பால் தொழிலிடமிருந்து வந்தது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் சோதனை சீட்டுக் குலுக்கி எடுத்தது போலப் பிரித்துச் செய்யப்பட்டது. லனார்க்‌ஷயரின் பிழை இதில் இல்லை. கோரி மானின் விடுதிச் சிறுவர்களுக்கு நேர்ந்ததே 86 வயதிலும் நேர்ந்திருக்கிறது: குறைந்த தட்டில் பால் சேர்ந்ததும் உடல் பதில் சொன்னது.

நம் ஊர் முதியவரின் தட்டை நினைத்துப் பாருங்கள். பல் போனபின் சுண்டலும் கறியும் மெல்ல முடியாது. இரவுக்கு ரெண்டு இட்லி, அல்லது ரசம் சாதம். தசை கரைகிறது, எழுந்தால் தள்ளாட்டம், கழிவறை வாசலில் விழுந்து இடுப்பு முறிந்தால் பலர் மீண்டும் நடப்பதே இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக இளைக்கும். அவர்களுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது நம் நாட்டு அட்டவணை. நாளெல்லாம் மூன்று முறை காபி குடிக்கிறேனே, பால் சேரவில்லையா என்று பாட்டிகள் கேட்பார்கள். ஒரு டபரா காபியில் எழுபது, எண்பது மில்லி பால்; கால்சியம் நூறைத் தொடாது. ஒரு கிண்ணம் கட்டித்தயிர் அதைப்போல இரண்டு மடங்கு தரும், மெல்லவும் வேண்டாம். ஆனால் கட்டித்தயிர் மகனுக்கும் பேரனுக்கும் போய்விட்டு, கடைசியில் உட்காரும் பெண்களுக்கு நீர்மோர்தான் மிஞ்சுகிறது. உறை ஊற்றியவளின் கிண்ணத்தில் தயிர் இல்லாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாட்டளவிலும் இதே பங்கீடுதான். 1998 முதல் உலகில் அதிகம் பால் கறக்கும் நாடு இந்தியா. 2023-24-இல் உற்பத்தி 23.9 கோடி டன். தலைக்கு நாளொன்றுக்கு 471 கிராம் என்று அரசுக் கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைப்பதோ 300 மில்லி. சராசரியில் மிச்சம் இருக்கிறது, தட்டுகளில் இல்லை. பாலைப் பரவலாக்க வேண்டும் என்ற நினைப்பு நமக்குப் புதிதல்ல. 1946-இல் பம்பாயில் குரோடி என்பவர் எருமைப்பாலோடு கொழுப்பு நீக்கிய பால்மாவையும் நீரையும் கலந்து விலையைக் குறைத்த வழிதான் இன்று ஆவின் நீலப் பாக்கெட்டாக, 3 சதவீதக் கொழுப்போடு, நம் வாசலுக்கு வருகிறது. கலப்படத்தைவிட இப்போது கவலைப்பட வேண்டியது தீவனம். 2018-இல் நாடு முழுதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் கலப்படம் 12-இல் மட்டுமே இருந்தது. பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து இறங்கும் அஃப்லடாக்ஸின் 5.7 சதவீத மாதிரிகளில் வரம்பைத் தாண்டியது. அது மிகுந்திருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காய்ச்சினாலும் அது போகாது. மாட்டுத் தீவனத்தை ஈரமில்லாமல் வைப்பதும் சோதிப்பதும்தான் வழி.

கர்நாடகம் 2013 முதல் க்ஷீர பாக்யா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 150 மில்லி பால் தருகிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை உண்டு; அது பெரிய காரியம். ஆனால் ஒரு முட்டையில் கால்சியம் முப்பது மில்லிகிராம்கூட இராது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் இருக்கின்றன. அவற்றோடு ஒரு கிண்ணம் தயிரோ, பால் விட்டுக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியோ சேர வேண்டும். அரசு முதியோர் இல்லங்களில் இரவுச் சாப்பாட்டோடு கட்டித்தயிர் சேர வேண்டும். ஆவின் இருக்கும் மாநிலத்தில் இதற்குப் பால் தட்டுப்பாடு காரணமாக இருக்க முடியாது. வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அரசு செய்யும் வரை காத்திருக்காமல், இன்று இரவே உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவருக்குத் தயிரை முதலில் எடுத்து வையுங்கள்.